சிவப்புப் பெட்டி வராத நாட்கள்

செப்டம்பர் 3, புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. இத்தனை மாதமும் மிக்ஸிக்கு அடியில் கிடந்தது. இன்று தட்டித் துடைத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த எரிச்சலை வேறு யாரிடம் சொல்வது?

நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேப்பில் டாக்டர் ரெங்கநாதன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்தார். யாருக்கோ சீட்டுக் கிழியப் போகிறது என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். வருகிறதாம். பெயர் அட்லஸ். அக்டோபர் 14 அன்று உலகம் முழுக்க வெளியாகிறது. அன்றைக்கே எங்கள் கிளைகள் அத்தனையும் அதற்கு மாறிவிட வேண்டும் என்று மதுரை ஹெட் ஆபீசில் முடிவு. அதற்கு முன்னால் ஒரு கிளையில், ஒரே ஒரு மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கிளை எங்கள் திண்டுக்கல். அந்த மெஷின் என்னுடையது.

"பிலோமினாதான் சீனியர். அவங்க சரின்னு சொன்னா எல்லா பிராஞ்சுக்கும் சரி" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இப்போது இருக்கிற ஸ்கிரீனில் எது எங்கே என்று நான் பார்க்கவே வேண்டாம். கை தானாகப் போகும். நோயாளி பெயர், வயது, எந்த டாக்டர் அனுப்பினார், ரிசல்ட், பிரிண்ட். எதிரில் நிற்பவர்களிடம் பேசிக்கொண்டே அடித்துவிடுவேன். அதையெல்லாம் கலைத்துப்போட்டால் மறுபடி கண்ணால் தேட வேண்டும். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. வலது கைப்பக்கம் வைத்துத் தொலைத்தது யார் என்று என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். நான்தான் வைத்தேனாம்.

செப்டம்பர் 8, திங்கள்

மதுரையிலிருந்து பிரசன்னா வந்தான். ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்ஜினீயர், முப்பது வயதிருக்கும், எதைப் பேசினாலும் அவசரம். பழையதை எடுத்துவிட்டு அட்லஸின் முன்னோட்டப் பதிப்பைப் போட்டான். பெண் வீட்டில் பெண்ணைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினான். எல்லாம் மழமழவென்று இருக்கிறது. இடது ஓரத்தில் இருந்ததெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு முக்கியம் சிவப்புப் பெட்டி. ஒருவருடைய ரிசல்ட் உயிருக்கு ஆபத்தான அளவில் இருந்தால், ஸ்கிரீன் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்புப் பெட்டி வந்து மறித்துக்கொள்ளும். உடனே அந்த டாக்டருக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை அடித்தால்தான் பெட்டி மூடும். அதுவரை வேறு எந்த வேலையும் ஓடாது. எரிச்சலான பெட்டிதான். ஆனாலும் அது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அது எங்க தம்பி வரும்?" என்று கேட்டேன்.

"அட்லஸ்ல நடுவுல வந்து தொந்தரவு பண்ணாதுக்கா. எல்லா அலர்ட்டும் இங்க வரும். வந்துட்டுத் தானா போயிரும்" என்று விரலை நீட்டிக் காட்டினான்.

சரி என்றேன். அதற்குள் அவன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். படிப்படியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் வயதாகிவிட்டது என்று நினைப்பான்.

செப்டம்பர் 11, வியாழன்

பரவாயில்லை, பழகிக்கொண்டு வருகிறேன். மூன்று நாட்களாக ஒரு சிவப்பும் வரவில்லை. திண்டுக்கல் ஜனங்கள் எல்லோரும் ஆரோக்கியமாகிவிட்டார்கள் போல. பானுவிடம் சொன்னதற்குச் சிரித்தாள். பானு எங்கள் டெக்னீஷியன். உள்ளே ரத்தத்தை மெஷினில் ஓட்டுவது அவள், வெளியே ரிசல்ட்டைச் சரிபார்த்து அனுப்புவது நான். கூடப் பிறக்காத தங்கை மாதிரி. ஆனால் வாய் அதிகம்.

"என்னக்கா, இப்பல்லாம் நான் பக்கத்துல வந்து நின்னாக்கூடத் திரும்ப மாட்டேங்கிறீங்க? கோவமா?" என்றாள்.

வேலை மும்முரம் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கித் திரும்பும்போது படியில் தவறி முழங்காலில் விழுந்துவிட்டேன். படிக்குப் புதிதாக வழுவழுப்பான கல் போட்டிருக்கிறார்கள். யார் கேட்டார்கள் அதை?

வீட்டுக்கு வந்ததும் அவர் முழங்காலில் மருந்து தடவிக்கொண்டே, "ஒரு தடவ மதுரைக்குப் போயிக் கண்ணக் காட்டிட்டு வந்துருவோமா?" என்றார்.

"விழுந்தது காலு. கண்ண எதுக்குக் காட்டணும்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் மருந்து டப்பாவை மூடினார். ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனுஷன். அத்தனை பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே இருந்து பழகியவர், என் சத்தம் அவரை என்ன செய்யும்?

அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் இருந்தது. கடைசி காலத்தில் சுத்தமாகத் தெரியவில்லை. கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார். ஒரு நாள் வந்த உறவுக்காரர் அவரைத் தாண்டிப் போய், "அவரு எப்படி இருக்காரு?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

என் விஷயம் வேறு. எனக்கு நேராக இருக்கிற எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஊசியில் நூல் கோக்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

வீரணன் அண்ணன் வந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், சிறுநீரகக் கோளாறு, வாராவாரம் ரத்தம் கொடுக்க வருவார். வந்தால் கவுண்டர் கலகலப்பாகிவிடும். "தாயி, உள்ள இடம் இருக்கா, இல்ல படியில நிக்கவா?" என்பார். இன்று அவ்வளவு பேச்சில்லை. கால் வீக்கமாக இருக்கிறது என்றார். மாலையில் ரிசல்ட் வந்தது, மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.

இன்றும் ஒரு சிவப்பும் இல்லை.

செப்டம்பர் 20, சனி

வீரணன் அண்ணன் காலையில் வீட்டில் மயங்கி விழுந்து, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் இருக்கிறார். பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறியிருக்கிறது.

பானு ரிசல்ட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நேற்று மாலையே 7.1. ஆறரையைத் தாண்டினாலே சிவப்புப் பெட்டி வர வேண்டும். "அக்கா, டாக்டருக்குப் போன் பண்ணலையா?"

"பெட்டி வரல பானு" என்றேன். அது சத்தியம். வரவில்லை.

அந்த எண்ணை அனுப்பியது இந்தக் கைதானே? நான் ஏன் படிக்கவில்லை? பெட்டி வரும், அது மறிக்கும் என்று இத்தனை வருஷம் பழகிப்போன கை. எண்ணைப் பார்க்காமலே தள்ளிவிட்டிருக்கிறது. அவருக்கு எதுவும் ஆகக்கூடாது மாதாவே.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் விழித்துவிட்டார். டயாலிசிஸ் செய்து பொட்டாசியத்தை இறக்கியிருக்கிறார்கள். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"நீ போன் போட்டிருப்ப தாயி. நான்தான் தூக்கத்துல எடுக்கல போல."

கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஹெட் ஆபீசுக்கு மெயில் அனுப்பினேன். அட்லஸில் சிவப்பு அலர்ட் வருவதே இல்லை, ஒரு உயிர் போயிருக்கும், இதை எந்தக் கிளைக்கும் போடக் கூடாது என்று காரமாக எழுதினேன். டாக்டரும் என் பக்கம். "நல்லவேளை உங்ககிட்ட கொடுத்தோம்" என்றார். நிம்மதியாக இருந்தது. பழி எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விட்டது.

செப்டம்பர் 24, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா?

பிரசன்னா வந்தான். டாக்டர், பானு, பிரசன்னா மூவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். அவன் இல்லாத ஒரு நோயாளி பெயரைப் போட்டு, பொட்டாசியம் 8 என்று அடித்தான்.

"வந்துருச்சு பாருங்க" என்றான்.

"ஆமா, வந்துருச்சே" என்றாள் பானு.

"நல்லா பளிச்சுனுதான இருக்கு" என்றார் டாக்டர்.

நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை அகல விரித்துப் பார்த்தேன். பெயர் இருந்தது, வயது இருந்தது, 8 இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மூன்று பேரும் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது எனக்கு முன்னால்தான் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

"ஆமா, இப்ப வருது" என்றேன்.

"அன்னைக்கு நெட்வொர்க் ஏதாவது விட்டிருக்கும்கா" என்று எனக்காகச் சமாதானம் சொன்னான். கோளாறு இல்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

எல்லோரும் போன பிறகு முகத்தைத் திருப்பி ஸ்கிரீனின் விளிம்பு விளிம்பாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீழே வலது மூலையில் ஒரு சின்ன மணி. பார்க்காமல் விட்டவை என்று பக்கத்தில் ஓர் எண். அமுக்கினேன். சிவப்பு சிவப்பாக இறங்கிக்கொண்டே வந்தது. வீரணன் அண்ணன் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் பெயர் இருந்தது. அந்த மூலையில் அவை தினமும் வந்து என்னைக் கூப்பிட்டிருக்கின்றன.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். சிலருடைய டாக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏற்கெனவே கவனித்துவிட்டார்கள். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றியாகிவிட்டது என்றார் அதன் அம்மா, நான் அக்கறையாக விசாரித்ததற்கு நன்றி வேறு சொன்னார். ஒரே ஒரு ஆள் மட்டும் எடுக்கவில்லை. நத்தம் பக்கத்து ஆள், சர்க்கரை அளவு ஐந்நூற்றைத் தாண்டியிருக்கிறது. அடித்து அடித்துப் பார்த்தேன். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

எடுத்துவிட்டார். போனை வீட்டில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாராம். பேசிவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சாப்பிடும்போது கவனித்தேன். தண்ணீர்ச் செம்பை அவர் என் இடது பக்கம் வைக்கிறார். ஊறுகாய்க் கிண்ணமும் இடது பக்கம். நடையில் கிடக்கும் செருப்பையெல்லாம் சுவரோரமாக ஒதுக்கிவிடுகிறார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

லேப்பில் ஆயுத பூஜை. சந்தனமும் குங்குமமும் வைக்காத சாமான் இல்லை. ரத்தம் எடுக்கும் நாற்காலிக்குக்கூட வைத்தார்கள். பானு பொரி பொட்டலம் கட்டினாள், நான் கடலை கலந்தேன். வருஷா வருஷம் அப்படித்தான், சாமி யாருடையதாக இருந்தாலும் வேலை எங்களுடையது.

எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது, குங்குமத்தைக் குழைத்து என் மானிட்டரின் கீழ் வலது மூலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். நடுவில்தானே வைப்பார்கள் என்று யாரோ கேட்டதற்கு, அழகுக்கு என்றேன். அந்தப் பொட்டை நினைவு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் தலையைத் திருப்பி மூலையைப் பார்ப்பது என்று முடிவு. ஆளை ஏமாற்ற வழி கிடைத்துவிட்டது.

அக்டோபர் 4, சனி

வழி கிடைக்கவில்லை. பொட்டைப் பார்த்தால் பெயர் இல்லை, பெயரைப் பார்த்தால் பொட்டு இல்லை. கழுத்து இற்றுப்போகிறது. அலர்ட்டோ வந்த வேகத்தில் போய்விடுகிறது. கூட்ட நேரத்தில் நான் திரும்புவதற்குள் ஒன்று போயேவிட்டது. பின்னாலிருந்த பானு பார்த்துவிட்டு, தானே டாக்டருக்குப் போன் போட்டாள்.

சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியலையா?"

"உன் வேலையப் பாரு" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் எழுந்து போகவில்லை. "என் பசங்களோட ரத்தத்தையும் நீங்கதான்கா பாக்குறீங்க" என்று மட்டும் சொன்னாள். நான் குழம்பு ஊற்றிய சோற்றை மூடி வைத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். இந்தச் சீட்டு போய்விடும் என்று பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பாவின் நாற்காலியைக் காட்டிவிடுவார்கள் என்று பயம். போகாவிட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று பயம். இன்னொரு வீரணன் அண்ணன் என் மூலையில் வந்து நின்று, நான் திரும்புவதற்குள் போய்விடுவார் என்று எல்லாவற்றையும்விடப் பயம்.

அக்டோபர் 6, திங்கள்

பிரசன்னா போன் செய்தான். நாளைக்குள் என் ஒப்புதல் வேண்டும், ஒரு பட்டன்தான், அமுக்கினால் பதினான்காம் தேதி எல்லாக் கிளைகளுக்கும் அட்லஸ் போய்விடும். "கவலைப்படாதீங்க அக்கா, ஃபார்மாலிட்டிதான்" என்றான்.

மற்ற கிளைகளிலும் கவுண்டரில் ஆட்கள் இருக்கிறார்கள். தேனியில் ஒருவர், எனக்கு ஒரு வருஷம் மூத்தவர். போன வருஷக் கூட்டத்தில் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் ஞாபகம் வந்தது.

"தம்பி, அந்த அலர்ட் எனக்குத் தெரியல" என்றேன்.

"அதான் அன்னைக்கு வந்துச்சேக்கா. நீங்களே சொன்னீங்களே."

"வந்துச்சு. நீங்க மூணு பேரும் பாத்தீங்க. எனக்குத் தெரியல. ரொம்ப நாளாவே அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியல. நீ இங்க வரும்னு காட்டினப்பவே உன் விரலு எனக்குத் தெரியல."

முதல் தடவையாக அவன் அவசரப்படவில்லை. மெதுவாக, "இத அப்படியே எழுதினா உங்க பேரு போகும்கா. வேற மாதிரி எழுதவா?" என்றான்.

"எழுது. பேரப் போட்டே எழுது. பெட்டி நடுவுல வரணும்னு எழுது. மூடுற வரைக்கும் வேற வேலை ஓடக்கூடாதுன்னு எழுது."

போனை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போய் அவரிடமும் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க. மத்தத அப்புறம் பாப்போம்." எங்கள் லேப்பில் அப்புறம் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் நாற்காலியில் பானு உட்கார்ந்தாள். உட்காரும்போது என்னைப் பார்க்கவில்லை, அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

வீரணன் அண்ணன் வீட்டுக்குப் போய், போன் போடவே இல்லை என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது, "பாத்துப் போ தாயி, வாசல்ல பள்ளம் இருக்கு" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அட்லஸ் இன்று வெளியானது. டீக்கடை டி.வி.யில்கூட அதுதான். எங்கள் கிளைகளுக்கு மட்டும் இன்னும் போடவில்லை. பெட்டியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் என்று பிரசன்னா மெசேஜ் அனுப்பியிருக்கிறான். என் வேலை பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவர் வேனுக்கு ஆள் போட்டுவிட்டுக் கூட வந்தார். அப்பாவுக்கு இருந்த அதே பிரஷர்தான் என்று டாக்டர் சொன்னார். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், முன்பே வந்திருக்கலாம் என்றார். வீட்டுக்காரர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதும் விடவில்லை.

டாக்டர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் செய்த பரிசோதனையைத்தான் நினைக்க முடியவில்லை. இருட்டறையில் ஒரு மெஷின். ஒரு கண்ணை மூடிவிட்டு, முகவாயை அதில் வைத்து, உள்ளே வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருப்பதைப் பார்க்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு வந்தன, அமுக்கினேன். பிறகு வரவில்லை. காத்திருந்தேன். மெஷின் மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. இடையில் நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

பக்கத்திலேயே இருந்தாள் அந்தப் பெண். "ஓடிக்கிட்டுதான்மா இருக்கு. வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்குத் தெரியறப்ப அமுக்குங்க."

பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.